ஷூவுக்குள் இல்லாத கல்

தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தைத் தாண்டியதும் வலது ஷூவுக்குள் கல் புகுந்துகொண்டது. அவள் ஓரமாக ஒதுங்கினாள். லேஸை அவிழ்த்து, ஷூவைக் கழற்றி, நடைபாதை விளிம்பில் இரண்டு தட்டு தட்டினாள். எதுவும் விழவில்லை. உள்ளே விரலை விட்டுத் துழாவினாள். எதுவும் இல்லை. மாட்டிக்கொண்டு ஓடினாள். கொஞ்ச தூரம் போவதற்குள் கல் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. முன்பாதத்தில், மூன்றாம் விரலும் நான்காம் விரலும் பிரிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே.

வேறு யாராக இருந்தாலும் ஷூவைத் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அவளால் அப்படிப் போக முடியவில்லை.

அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

அம்மா சீருடை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டும் மாஸ்டர். நீள மேசைக்கு முன்னால் நாள் முழுக்க நின்றபடி வேலை. ஒரு வருடம் போல, போகும்போதும் வரும்போதும் செருப்பைக் கழற்றித் தட்டிக்கொண்டே இருந்தாள். "பாழாப்போன கல்லு, எங்கேருந்துதான் வருதோ" என்று செருப்போடு சண்டை பிடிப்பாள். வீட்டில் சிரிப்பார்கள். செருப்பை மாற்றினாள், கல் மாறவில்லை. பிறகு ஒரு நாள் கல் போய்விட்டது என்றாள். நிம்மதியாகச் சொன்னாள். கல் இருந்த இடத்தில் உணர்ச்சியே போய்விட்டிருந்தது. சர்க்கரை அவள் பாத நரம்புகளைத் தின்று முடித்திருந்தது. அவளுக்குச் சர்க்கரை இருப்பது அப்போது யாருக்கும் தெரியாது. அவள் ரத்தம் கொடுத்துப் பார்த்ததே இல்லை. வெட்டு மேசைக்குக் கீழே கிடந்த குண்டூசி ஒன்று செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறி, அவளோடு சில நாள் நடந்திருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. புண் வந்தது. ஒரு விரலை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சில வாரம் இருந்தாள். மறுபடி காய்ச்சல் வந்து மருத்துவமனைக்குப் போனவள் திரும்பவில்லை.

விரலை எடுத்த சமயத்தில், அந்த மருத்துவமனையில் ஒரு டாக்டர் நடைக்கூடத்தில் வைத்துச் சொன்னார்: "பிள்ளைங்களும் உஷாரா இருக்கணும். நடங்க, ஓடுங்க, வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் பாருங்க." அவள் முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். முதலில் நடந்தாள். பிறகு ஓடினாள். ஒன்றரை வருடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது கிலோமீட்டர் ஓடுகிற அளவுக்கு வந்துவிட்டாள். ஓட்டம் அவளுக்கு உடற்பயிற்சியே இல்லை, வேலி. ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்த நோய் தன்னைப் பிடிக்காது என்று நம்பினாள். இப்போது வேலிக்குள்ளேயே கல்.

"என்ன தராசு, இன்னைக்கும் கல்லா?" கூட ஓடிவந்த மருந்துக்கடை அக்கா திரும்பி நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ரோட்டுல கிடக்குற கல்லெல்லாம் உன் விலாசம் கேட்டுத்தான் வருதா?"

"மணலுக்கா."

"மணலா? மூணு வாட்டி நின்னுட்ட. சேத்து வெச்சா வீடே கட்டியிருக்கலாம்."

அவளுக்குத் தராசு என்று பெயர் வைத்தது அக்காதான். பிழைப்பு அது. எடை காட்டுகிற எதுவாக இருந்தாலும், நகைக்கடையின் கண்ணாடிக் கூண்டுத் தராசிலிருந்து லாரி ஏறுகிற எடைமேடைவரை, சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துத் திருத்துவது அவள் வேலை. எடைக்கற்கள் நிறைந்த பெட்டியோடு கம்பெனி வேனில் ஊரைச் சுற்றுவாள். தராசு பொய் சொல்கிறது என்று உள்ளூரத் தெரிந்த கடைக்காரர்களை வாசலிலேயே அடையாளம் கண்டுவிடுவாள். அவர்கள் மட்டும் ரொம்ப மரியாதையாகப் பேசுவார்கள். "இன்னைக்குக் கூட்டமா இருக்கு மேடம், நாளைக்கு வாங்களேன்" என்பார்கள்.

தன் காலையும் அவள் அப்படியே அணுகினாள். ஒரு மதிய இடைவேளையில், சர்வீஸ் அறையில் யாரும் இல்லாதபோது, சட்டைப் பொத்தான் அளவு லோடு செல் ஒன்றை எடுத்து மேசைக்கடியில் வைத்தாள். லோடு செல் என்பது அழுத்தத்தை எண்ணாக்கிச் சொல்லும் சின்ன உலோகத் துண்டு. எல்லா நவீனத் தராசுக்கும் அதுதான் உயிர். எடைமேடைக்கு மூலைச் சோதனை என்று ஒன்று உண்டு. ஒரே சுமையை ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பார்ப்பார்கள். எல்லா மூலையும் ஒரே எடையைச் சொல்ல வேண்டும். அவள் ஷூவைக் கழற்றி, குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தின் ஒவ்வொரு இடத்தையும் அந்தப் பொத்தான் மேல் வைத்து அழுத்தினாள். வலிக்கிற இடத்தில் எண் எகிறியது. மற்ற இடங்களைவிடத் தெளிவாக அதிகம்.

அவளுக்கு ஏக சந்தோஷம். எண் கிடைத்துவிட்டது. எண் கிடைத்தால் அது இயந்திரக் கோளாறு. இயந்திரக் கோளாறு என்றால் நோய் இல்லை.

தராசுகளின் அடியில் ஒட்டும் ரப்பர் தகட்டிலிருந்து ஒரு வட்டம் வெட்டினாள். ஷூவுக்குள், வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே ஒட்டினாள். மெத்தென்று இருந்தால் சுமை குறையும் என்று கணக்குப் போட்டாள்.

அடுத்த ஞாயிறு தண்ணீர்த் தொட்டி வரைக்கும்கூடப் போக முடியவில்லை. கல் இப்போது கூழாங்கல் அளவு. போதாததற்கு, மூன்றாம் விரல் நுனி மரத்துப்போனது.

அப்படி மரத்துப்போனதுதான் அவளை உலுக்கியது. அம்மாவின் வார்த்தைகள் அப்படியே காதில் கேட்டன. முதலில் கல். பிறகு கல் போய்விடும். சாயங்காலங்களில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை மூடி, பென்சில் முனையால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். உணர்கிறேனா, உணர்வதாக நினைக்கிறேனா? கண்ணைத் திறந்து பார்ப்பாள். மறுபடி மூடுவாள். ஒரு கருவி தன்னைத் தானே சோதித்துச் சொல்லும் முடிவுக்கு மதிப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் தினமும் செய்தாள்.

தானியக் கிடங்கு ஒன்றில் எடைமேடை தகராறு. போய்ப் பார்த்தால் ஒரு மூலை மட்டும் அதிகம் காட்டுகிறது. மேடையை இயக்குகிறவர் பழைய ஆள். அவரே அந்த மூலைக்கடியில் ரப்பரும் இரும்புத் தகடும் அடுக்கி வைத்திருந்தார்.

"ஏண்ணே, இங்க எதுக்குத் தகடு வெச்சீங்க?"

"அந்த மூலைலதாம்மா பாரம் ஜாஸ்தி. அடியில மெத்துனு குடுத்தா அடங்கும்னு பாத்தேன்."

"இருக்கிறதே அதுலதான் ஜாஸ்தி. அதையே இன்னும் தூக்கிவிட்டா மத்த மூலையெல்லாம் கால்மேல கால் போட்டு உக்காந்துக்கும். எல்லாப் பாரத்தையும் இதுதான சுமக்கும்?"

சொல்லிவிட்டு அவள் அப்படியே நின்றாள்.

"என்னம்மா?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்லண்ணே. எனக்குத்தான் சொல்லிக்கிட்டேன்."

"நல்லது. நானும் வீட்டுல எனக்குத்தான் சொல்லிப்பேன். வேற யாரும் கேக்கறதில்ல."

வேனில் ஏறியதும் ஷூவைக் கழற்றி ரப்பர் வட்டத்தைப் பிய்த்து எறிந்தாள். தொழிலுக்கு வந்த முதல் வருடத்தில் கற்ற பாடம். எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தன் காலென்று வந்ததும் மண்டையில் ஏறவில்லை.

கூழாங்கல் பழையபடி சின்னக் கல்லானது. ஆனால் போகவில்லை. அவள் எதிர்பார்த்தது, அது போய்விடும் என்று. வெறும் கோளாறாக இருந்தால் தகட்டை எடுத்ததும் போயிருக்க வேண்டும். போகாத கல்லுக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க அவள் விரும்பவில்லை. யோசனை மட்டும் நிற்கவில்லை.

ஓட்டம் முடிந்து இருவரும் மதகு ஓரமாக நடந்து வரும்போது கேட்டாள்: "அக்கா, சர்க்கரை இருந்தா காலுக்கடியில கல் மாதிரி இருக்குமா?"

அம்மாவின் கதை அக்காவுக்குத் தெரியும். கடைசி மாதங்களில் மருந்து கட்டிக் கொடுத்ததே அவள்தான்.

"இருக்கலாம். கல்லே இருந்தாலும் கல் மாதிரி இருக்கும். நாளைக்குக் காலையில வெறும் வயித்துல கடைக்கு வா. ஒரு சொட்டு ரத்தம். ஒரு நிமிஷ வேலை."

"வரேன்க்கா."

மறுநாள் அவள் சர்வீஸ் அறைக்குப் பின்தெரு வழியாகப் போனாள். அதற்கு மறுநாளும். மருந்துக்கடை இருக்கும் தெரு அவள் வரைபடத்திலிருந்தே போய்விட்டது. "வேன்ல கூட்டமா இருக்குக்கா, நாளைக்கு" என்று ஒரு முறை போனில் சொன்னாள்.

"வேன்ல ஏதுடி கூட்டம்? எடைக்கல்லா பேசிக்கிட்டு வருது?"

போனை வைத்த பிறகுதான் தன் குரல் யாருடைய குரல் என்று அவளுக்கு உறைத்தது. நாளைக்கு வாங்க மேடம்.

வீட்டில் அப்பாவும் அவளும் மட்டும்தான். அப்பா அச்சகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே எந்த உருளையில் காகிதம் சிக்கியது என்று சொல்லுவார். அம்மா போன பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார், காது குறையவில்லை. அவருக்கு இது தெரியக்கூடாது என்பதில் அவள் கண்ணும் கருத்துமாக இருந்தாள். ஒரு முறை அந்த மருத்துவமனைப் படிக்கட்டில் அவர் உட்கார்ந்திருந்த கோலத்தை அவள் மறுபடி பார்க்கத் தயாராக இல்லை.

அன்று காலை ஓடப் போகும் முன் வாசல்படியில் ஷூவை இரண்டு தட்டு தட்டினாள். நிமிர்ந்தால் அப்பா நிற்கிறார். வெளியே போகும்போது போடுகிற சட்டை. தலை வாரியிருந்தார்.

"எத்தனை நாளா?" என்றார்.

"எதுப்பா?"

"தட்டுறது."

"மணல்ப்பா."

"உங்கம்மாவும் ரெண்டு தட்டுதான் தட்டுவா. உள்ள படுத்துக்கிட்டுத் தினமும் கேக்குறேன். மணல்னா எதுக்குச் சாயங்காலம் கதவைச் சாத்திக்கிட்டுப் பென்சிலால குத்திப் பாக்குற? ஜன்னல் வழியாப் பாத்தேன்."

அவள் ஷூவைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியாம இருந்தா எனக்கு நல்லதுன்னு நெனச்சியா? அவளுக்கும் தெரியாம, எனக்கும் தெரியாமத்தான் அது நடந்துச்சு." செருப்பை மாட்டிக்கொண்டார். "ஏதாச்சும் சாப்பிட்டியா?"

"இல்ல."

"அப்ப நல்லதாப் போச்சு. நட."

மருந்துக்கடை அப்போதுதான் திறந்திருந்தது. அக்கா இருவரையும் பார்த்தாள், கருவியை எடுத்தாள். "கைய குடு தராசு. உன் தராசு மாதிரி இல்ல, இது குத்தும்."

விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம். கருவி எண்ணைக் கண்டுபிடிக்க எடுத்துக்கொள்ளும் அந்தச் சில நொடிகளை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். திரையில் கோடுகள் ஓடும், எண் நிலைக்கும். இந்தப் பக்கம் நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை. அப்பா இருமல் மருந்து அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார், அதில் எதை வாங்கலாம் என்று தீர்மானிக்க வந்தவர்போல.

"சரியா இருக்கு," என்றாள் அக்கா. "ஆனா இதை நம்பி ஆட வேணாம். மூணு மாச சராசரி பாக்குற பரிசோதனை ஒண்ணு இருக்கு. பக்கத்து லேப்ல குடுத்துட்டுப் போங்க."

கொடுத்தார்கள். மறுநாள் மாலை அறிக்கை வந்தது. எல்லைக்குள் இருந்தது. ஆனால் எல்லையை ஒட்டி இருந்தது. அவள் அதைத் தன் பாஷையில் படித்தாள்: தராசு சரி என்று முத்திரை குத்தலாம்; அடுத்த சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அப்பா தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றி, இரண்டு பக்கமும் பார்த்தார். பின்பக்கம் வெற்றுத் தாள். அதையும் பார்த்தார்.

"அப்ப கல்லு?" என்றார்.

கல்லுக்கு எலும்பு டாக்டரிடம் போனார்கள். டாக்டர் இளம் பெண். பாதத்தை இரண்டு பக்கமும் பிடித்து, பிழிவதுபோல் அழுத்தினாள். உள்ளே ஏதோ சொடுக்கியது. வலியில் அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

"உக்காருங்க, பிடிச்சுட்டேன்," என்றாள் டாக்டர். "எலும்புக்கு நடுவுல ஒரு நரம்பு போகுது. ரெண்டு பக்கமும் நெருக்கி நெருக்கி அது தடிச்சுப்போச்சு. அதுதான் கல்லு. ஷூவை எடுங்க."

எடுத்தாள். டாக்டர் ஷூவுக்குள் கையை விட்டாள். உள்ளே கம்பெனி வைத்த மெத்தை. அதன் மேல் சாம்பல் நிறத்தில், கனமாக, இன்னொன்று.

"இதென்ன, இதுக்குள்ள எத்தனை பேர் குடித்தனம் பண்றாங்க? காலுக்கு இடம் எங்க இருக்கு?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

அது அம்மா வெட்டியது. வீட்டில் யார் புது ஷூ வாங்கினாலும் அம்மா முதலில் காகிதத்தில் அவர்கள் காலை வைத்து வரைவாள். பிறகு கோட்டுக் காலருக்குள் வைக்கிற கெட்டிக் கம்பளித் துணியின் கழிவில் ஒரு ஜோடி வெட்டி உள்ளே போடுவாள். அதன் பிறகுதான் அந்த ஷூ வாசல் தாண்டும். அது அந்த வீட்டுச் சட்டம். விரலை எடுத்துவிட்டு வீட்டில் இருந்த வாரங்களில், கட்டுப் போட்ட காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, மகளின் முதல் ஓட்ட ஷூவுக்கு வெட்டினாள். "ஓடுற காலு, கனமாவே இருக்கட்டும்" என்றாள். அந்த ஷூ தேய்ந்தது. மூன்று மாதம் முன்பு புதியது வாங்கியபோது, அந்தத் துணியை எடுத்து இதற்குள் போட்டுக்கொண்டாள். புதியது சற்றுக் குறுகல். அவளுக்கு அது தோன்றவே இல்லை. ஷூவின் ஒவ்வொரு பாகத்தையும் சந்தேகித்தாள். ரப்பர் வட்டத்தைக்கூட அம்மாவின் துணி மேல்தான் ஒட்டினாள். அதை மட்டும் எடுத்துப் பார்க்கவில்லை.

"முன்னால அகலமான ஷூ வாங்குங்க," என்றாள் டாக்டர். "முன்பக்க லேஸை லூசா விடுங்க. சில வாரத்துக்கு நீள ஓட்டம் வேணாம். கொட்டைப்பாக்கைப் பாதியா வெட்டின மாதிரி சின்னதா ஒரு மேடு வைங்க. வலிக்கிற இடத்துல வைக்காதீங்க, அதுக்குக் கொஞ்சம் பின்னால. பின்னால தூக்கிவிட்டா முன்னால எலும்பு விரியும். நரம்பு மூச்சு விடும்."

"வலிக்கிற இடத்துல வெச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் டாக்டர்," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கம்பளித் துண்டுகள் இரண்டையும் மேசைமேல் வைத்தாள். அவள் விரல்கள் பதிந்த குழிகள் அதில் இருந்தன. எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பீரோவில் வைத்தால் பூச்சி அரிக்கும். குப்பையில் போடக் கை வராது.

அப்பா உள்ளே போய்ப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அம்மாவின் பெரிய கத்தரிக்கோலோடு வந்தார். கூடவே ஒரு தாளும் பென்சிலும். தாளைத் தரையில் விரித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"காலை வை."

"அப்பா, உங்களுக்கு எதுக்கு?"

"மேடு வைக்கணும்னுதான சொன்னாங்க? துணிதான் இருக்கே. வை."

வைத்தாள். அப்பா பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்தார். அம்மா வரைந்தால் ஒரே கோடாகப் போகும். அப்பாவின் கோடு ஒவ்வொரு விரலிலும் தடுக்கி விழுந்தது. மரத்த விரலைப் பென்சில் தொட்டபோது அவளுக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொள்ளாமலே தெரிந்தது.

"கூசுது."

"கூசட்டும்," என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாக் கூசுதா?" என்றார்.

"நல்லாவே கூசுது."

அவள்தான் வெட்டினாள். முதல் துண்டு கோணலாக வந்தது. இரண்டாவது முட்டைபோல் வந்தது. அம்மா பார்த்திருந்தால் கத்தரிக்கோலைப் பிடுங்கியிருப்பாள். மூன்றாவது பரவாயில்லை.

சில வாரம் நடந்தாள். புது ஷூ, அகலமானது. ஞாயிற்றுக்கிழமை கூட ஓடுகிறவர்களிடம் "படகு" என்று பேர் வாங்கியது. பிறகு ஒரு ஞாயிறு, மெதுவாக, பாதி தூரம் ஓடுவதென்று கிளம்பினாள். தண்ணீர்த் தொட்டி நெருங்க நெருங்க மூச்சு ஒழுங்கு தப்பியது. திருப்பத்தில் அவளையறியாமல் வேகம் குறைந்தது.

"என்ன, நிக்கப் போறியா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. வருதான்னு பாக்குறேன்."

"விருந்தாளியா வருது? கூப்பிடாத. ஓடு."

மேம்பாலத்துக்குக் கீழே கல் ஒரு முறை லேசாக எட்டிப் பார்த்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வளரவில்லை. போய்விட்டது என்று சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. அந்த வார்த்தையை அந்த வீட்டில் யாரும் இனி சுலபமாகச் சொல்லமாட்டார்கள். சாயங்காலம் பென்சிலை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆறு மாதத்தில் மறுபடி ரத்தம். நாள் குறித்தாகிவிட்டது. குறித்தவர் அப்பா.

வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே நுழைந்தாள். அப்பா பேப்பரை இறக்கினார்.

"தட்டலியா?"

"ஒண்ணுமில்லப்பா உள்ள."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். வலது ஷூவை எடுத்து உள்ளே கை விட்டுத் துழாவினார். அம்மாவின் துணியில் வெட்டிய அந்தச் சின்ன மேட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு ஷூவைக் கவிழ்த்து, படியில் தானே ஒரு தட்டு தட்டினார்.

கொஞ்சம் மணல் உதிர்ந்தது.